திரும்பாத கோடு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சொன்னவர் தவநேசன் அண்ணை. டப்ளினில் அவர் வீட்டுச் சமையலறையில் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை. ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் நிறுத்துவார். அதுதான் எனக்குச் சந்தேகம்.

அண்ணை நாற்பத்தெட்டு வயதில் தொல்லியல் படிக்கப் போனவர். ஆசிரியராக வாய்த்த ஷிவோன் அவரைவிட ஆறு வயது இளையவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அண்ணைக்கு அது வாயில் வர ஒரு வருடம் பிடித்தது.

ஆறு வருடமாக அவருடைய ஆய்வேடு இழுபட்டது. ஏழாவது கோடையில் அயர்லாந்தில் மழை பொய்த்தது. பாய்ன் ஆறு வளையும் இடத்தில், டோனல் என்பவரின் மேய்ச்சல் நிலம் முழுவதும் வெளிறிக் கிடக்க, ஒரு பெரிய வட்டம் மட்டும் பச்சையாக நின்றது. தூர்ந்துபோன பழைய அகழியில் ஈரம் தங்கியிருந்தால் புல் அப்படித்தான் நிற்கும். அதை முதலில் கண்டவர் அண்ணை. வட்டத்தின் படம் கிடைத்தால் பட்டம். இல்லாவிட்டால் ஆறு வருடமும் வீண்.

அங்கே எடுத்தவுடன் தோண்டுவதில்லை. மண்ணின் காந்தத்தை அளக்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டிய கயிற்றோரம் சீராக நடக்க வேண்டும். போக ஒரு கோடு, வர அடுத்த கோடு. நடப்பவர் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. பெல்ட், சாவி, காற்சட்டை ஜிப், எதுவும். அண்ணை காற்சட்டையை விட்டு, வீட்டிலிருந்து சாரம் கொண்டுபோய் இடுப்பில் கட்டிக்கொண்டார். டோனல் வேலியில் சாய்ந்து நின்று, தன் பசுக்கள் இவ்வளவு நேராக நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றாராம். மறுநாள் சாரத்தைப் பார்க்க மனைவியையும் கூட்டி வந்தாராம்.

மாலையில் கணினியில் படம் வந்தது. வட்டம் இல்லை. போன கோடு கறுப்பு, வந்த கோடு வெள்ளை. படம் முழுக்க வரி வரியாக இருந்தது.

"எதையோ கொண்டுபோயிருக்கிறாய்," என்றார் ஷிவோன்.

அண்ணை இல்லை என்றார். மறுநாளும் வரி. மூன்றாம் நாளும் வரி. அன்றுதான் சாரத்தை முழங்காலுக்கு மேல் உயர்த்தித் தழும்பைக் காட்டினார். தொடைக்குள் போரில் பட்ட ஷெல் குண்டின் துண்டு ஒன்று இருந்தது. எடுத்தால் கால் போகும் என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். சொன்னால் கருவியைத் தர மாட்டார்கள் என்று அவர் மறைத்திருந்தார்.

ஷிவோன் கோபிக்கவில்லை. அண்ணையை ஆற்றுக்கு அக்கரையில் போய் நிற்கச் சொல்லிவிட்டுத் தானே கருவியைத் தூக்கினார். காலையிலிருந்து பின்னேரம் வரை அவர் ஒருவர்தான் அந்த நிலத்தில் நடந்தார். நல்ல வெயில். டோனல்கூட வரவில்லை.

படத்தில் வட்டம் துல்லியமாக வந்தது. அகழி, வாசல், எல்லாம்.

ஆற்றுப் பக்கமிருந்து ஒரே ஒரு கறுப்பு வரியும் வந்தது. வாசலுக்குள் நுழைந்து, வட்டத்தின் நடுவில் நின்றது. போன கோடு இருந்தது. திரும்பிய கோடு இல்லை.

ஷிவோன் அந்த வரியின் அளவை எடுத்து, அண்ணையின் கால் தந்த அளவோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"அந்த ஷெல் விழுந்தபோது உன்னோடு யார் இருந்தது?"

"தம்பி."

வன்னியில் ஒரு வயல் வரம்பில் இருவரும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஷெல் விழுந்த பிறகு பின்னாலிருந்து தம்பி கூப்பிட்டது கேட்டதாம். அடுத்த நாள் அந்த இடம் ராணுவத்திடம் போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை.

"அவனுக்கு எங்கே பட்டது?"

"தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை."



அந்தக் கணினியில் ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அமத்தினால் வரிகள் மறைந்து படம் சுத்தமாகிவிடும். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வரியோடு போனால் அளந்ததே பிழை என்று தேர்வாளர்கள் ஆய்வேட்டைத் திருப்பிவிடுவார்கள். ஆய்வேட்டைக் கொடுக்கும் தவணை அந்த மாதக் கடைசி. டோனல் மறுநாள் காலையில் புதுப் புல் விதைக்க நிலத்தை உழப்போகிறார். திரும்ப நடந்து பார்க்க வழியில்லை.

அண்ணை கேட்டார்: "ஷிவோன், இது கருவியின் பிழையா? இல்லை, நிலத்தில் இருப்பதா?"

ஷிவோன் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதில் அண்ணையை உட்கார வைத்தார். கயிறுகளைச் சுருட்டிவர வேண்டும் என்று கிளம்பினார். கதவடியில் நின்று சொன்னார்:

"நான் கொண்டுபோன இரும்பு என்றால் நானே அழித்திருப்பேன். இது நான் கொண்டுபோனது இல்லை."

அண்ணை எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவார். நானும் மேலே கேட்டதில்லை. ஷிவோன் எவ்வளவு பெரிய ஆள் என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கதை அவரைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் அண்ணை இல்லாத நேரத்தில், அவருடைய அலுமாரியில் ஆய்வேடு கண்ணில் பட்டது. எடுத்துப் புரட்டினேன். எண்பத்திரண்டாம் பக்கத்தில் அந்த வட்டம் இருந்தது. அகழி இருந்தது, வாசல் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. வெள்ளை வெளேர் என்று சுத்தமாக இருந்தது.

அண்ணை வந்தார். என் கையில் இருந்ததைக் கண்டார். எதிரே உட்கார்ந்து தொடையைத் தடவினார். அந்த இடத்தில் அவர் கை போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை விரித்தபடி மேசையில் வைத்தேன். பிறகு கேட்டேன்.

"அண்ணை, ரெண்டு தரமும் நீங்கள் திரும்பிப் பாக்கேல்லையோ?"