பதினாலாம் தேதியை இழுத்து வந்தவர்கள்

சுண்டைக்காய் என்றொரு கிரகம் இருந்தது. பேருக்கேற்ற அளவுதான். அங்கே சூரியன் உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. பிடித்து வைத்தது மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அதனால் நாள் தெரிந்துகொள்ள பூமியிலிருந்து தினசரி காலண்டர் ஒன்று அனுப்பியிருந்தார்கள். ‘தாளைக் கிழித்தால் அடுத்த நாள்’ என்று அதன் அட்டையில் போட்டிருந்தது.

கிழிக்கும் உத்தியோகம் ஆவுடையப்பனுக்கு. கடிகாரம் மணியடித்ததும் குளித்து, திருநீறு பூசி, ஒரு தாளைக் கிழிப்பார். தான் ஒருநாள் படுத்துவிட்டால் பிரபஞ்சமே நேற்றைக்குள் மாட்டிக்கொள்ளும் என்பது அவர் கவலை. கிழித்த நாளைத் தூக்கியெறியவும் மனசு வராது, பெட்டியில் பூட்டிவைப்பார்.

இரண்டாம் தேதி தண்ணீர்க் கப்பல் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. அடுத்த கப்பல் பதினாலாம் தேதி. இடையில் சூசைமுத்து அவரைக்காய் விதை போட்டார். ‘முளைக்கும் வரை தண்ணீர் விடவும்’ என்று பொட்டலத்தில் இருந்ததால், குழாயைத் திறந்தவர் முளைக்கும் வரை மூடவில்லை. எட்டாம் தேதி தொட்டியில் ஒரு குடம்தான் மீதி.

தலைவி மங்கையர்க்கரசி கூட்டம் போட்டார்.

“பதினாலு வரைக்கும் இது தாங்காதே, என்ன செய்ய?”

“தேதி என் கையிலதானே இருக்கு தலைவியம்மா? ஆறு தாளைச் சேர்த்துக் கிழிச்சிருவோம்,” என்றார் ஆவுடையப்பன்.

“ஆறு நாள் வயசு கூடிருமே அண்ணாச்சி!” என்றார் சூசைமுத்து.

“தாகத்துல சாகறதுக்கு அது தேவல.”

கிழித்தார். பதினாலு வந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கப்பல் வரவில்லை. ரேடியோவில் கூப்பிட்டால் கேப்டன் ரஹ்மத்துல்லா, “இன்னிக்கு எட்டாந் தேதிதானே?” என்றார்.

“பாவம், அந்தக் கப்பல்ல கிழிக்க ஆள் இல்ல போல,” என்று ஆவுடையப்பன் வருத்தப்பட்டார்.

மங்கையர்க்கரசி யோசித்தார். “எந்தத் தேதியில தொட்டி நிறைய இருந்துச்சு?”

“ரெண்டாந் தேதி.”

“அப்போ ஒட்டுங்க திரும்ப!”

பன்னிரண்டு தாளையும் ஒட்டப் பசை வேண்டும். மைதாவைக் கரைத்துக் கிண்டியதில் இருந்த ஒரு குடமும் போனது. சுவரில் இரண்டாம் தேதி வந்துவிட்டது. தொட்டியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஆவுடையப்பனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் மணியடித்தும் அவர் தாளைத் தொடவில்லை. ஈரத்தில் கிழித்தால் நாள் பாதியாகக் கிழிந்துவிடுமாம்.

ரேடியோவில் இவர்கள் பேச்சைக் கேட்டுப் பயந்துபோன கேப்டன், கப்பலை விரட்டிக்கொண்டு அன்றே வந்திறங்கினார். தொட்டியைத் தட்டினார். டங்கென்றது.

“அண்ணே, சொட்டுத் தண்ணி இல்லையே!”

“நீங்க ஒன்பதாந் தேதியில நின்னு பாக்குறீங்க தம்பி,” என்றார் ஆவுடையப்பன், தொண்டை கரகரக்க.

கேப்டன் குழாயைச் செருகித் தொட்டியை நிரப்பினார்.

ஆவுடையப்பன் மூன்று செம்பு குடித்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. “அதே ரெண்டாந் தேதி தண்ணி! பசை காயத்தான் இவ்வளவு நேரம்!” என்று ஊரையே கூப்பிட்டார்.

பிறகு கேப்டனின் தோளைத் தட்டினார்.

“பரவாயில்ல தம்பி, இந்தத் தடவை சும்மா வந்துட்டுப் போறீங்க. பதினாலாந் தேதி வரும்போதாவது மறக்காம தண்ணி கொண்டு வாங்க.”