திருப்பிக் கொடுத்த மகள்

முன்னொரு காலத்தில் வெள்ளிக்குன்று நாட்டை வீரகேது என்ற ராஜா ஆண்டு வந்தார். ஒருநாள் அவருக்குத் திடீரென்று தர்ம சிந்தனை பிறந்தது. “அநாதைப் பிள்ளையைத் தத்தெடுப்பவருக்கு ஒரு கிராமம்!” என்று தண்டோரா போட்டுவிட்டார்.

முதல் ஆளாக ஓடி வந்தவர் அரசவைப் பிரபு சேனைராயர். சபையறிய அவர் மனைவி தத்தெடுக்கும் சடங்காக மஞ்சள் நீர் குடித்து, அரும்பு என்ற சிறுமியை மகளாக ஏற்றாள். ராஜாவும் தாரை வார்த்துக் கிராமத்தைக் கொடுத்தார்.

சில வருடங்களில் ராயருக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறுமாதமே அரும்பைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சபைக்கு வந்தார். அவர் வீட்டில் மாவாட்டும் மாடத்தி அழுதுகொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

“அரசே, எனக்குச் சொந்தப் பிள்ளை பிறந்துவிட்டான். இவளை எடுத்துக்கொள்ளுங்கள்.”

இரவல் வாங்கிய அண்டாவா அவள்? ஒருவருக்காவது வாய் திறக்கத் தோன்றியதா? ராஜா கொட்டாவி விட்டு, “சரி, விட்டுவிட்டுப் போங்கள்” என்றார்!

அமைச்சர் தீத்தாரப்பருக்கு இது பொறுக்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே எழுந்தார். “ராயர் சொல்வதுதான் நியாயம். மகாராஜா, தங்களுக்குப் புதிதாக ஒரு மைத்துனர் வந்திருக்கிறாரே, ராயரின் கிராமத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். சொந்தம் வந்தபின் வேற்றாள் எதற்கு?”

ராயர் துள்ளிக் குதித்தார். “அநியாயம்! சபையறியக் கொடுத்ததைப் பறிப்பதா? யார் புதிதாக வந்தாலும் அது என்னுடையதுதான்!”

“சபையறிய ஏற்ற மகள் மட்டும் உம்முடையவள் இல்லையா?”

ராயர் முகம் வெளுத்தது. “சரி, சரி, வைத்துக்கொள்கிறேன்” என்று அரும்பை இழுத்தார். அவள் கையை உதறினாள்.

“அப்புறமென்ன, முடிந்தது!” என்றார் ராஜா.

“முடியவில்லை!” அமைச்சரின் குரல் சபையை அதிர வைத்தது. “அன்றும் கிராமத்துக்காகக் கூட்டிப் போனார், இன்றும் கிராமத்துக்காகவே கூப்பிடுகிறார். இந்தக் குழந்தையை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?”

ராஜா தலைகுனிந்து, “எங்கே போகிறாய் அம்மா?” என்றார்.

“மாடத்திகிட்ட” என்றாள் அரும்பு.

“கிராமம் இனி அரும்புக்கு. அவள் வளரும்வரை மாடத்தி பார்த்துக்கொள்ளட்டும்” என்றார் ராஜா.

மாடத்தி கும்பிட்டாள். “ஊரு இருந்தாலும் சரி, போனாலும் சரி சாமி. பிள்ளைய மட்டும் யாரும் திருப்பிக் கேக்கக் கூடாது.”

“கேட்க மாட்டோம்” என்றார் ராஜா. அரும்பு ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

நழுவப் பார்த்த ராயரை அமைச்சர் நிறுத்தினார். “உம்ம மகன் வளர்ந்து, ‘எனக்கு ஒரு தம்பி பிறந்தால் என்னை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் அப்பா?’ என்று கேட்பான். அதற்கு என்ன சொல்வதென்று இப்போதே யோசித்து வையும்!”