கரடிக்கு அறுபது கோல் வேலி

செங்காட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. வெகு காலத்துக்கு முன்னால் அதை வல்லபராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். வீரத்துக்குக் குறைவில்லை. கணக்குத்தான் வராது. அது அவனுக்குத் தெரியாது.

அவன் மகள் பூங்கோதைக்கு உலகம்மை என்ற ஆசிரியை கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் வீட்டுப்பாடம் இது: 'ஒரு தோட்டத்தின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. சுற்றிலும் வேலி போட அறுபது கோல் ஆகிறது. அகலம் எவ்வளவு?'

"இது ஒரு கணக்கா!" என்று ராஜாவே ஓலையை வாங்கினான். ஒன்றும் இரண்டும் மூன்று. அறுபதை மூன்றால் வகுத்தான். "அகலம் இருபது, நீளம் நாற்பது" என்று எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் ஓலை திரும்பி வந்தது. குறுக்கே ஒரு கோடு. கீழே 'தப்பு'.

சபையில் சிங்கராயர் என்று ஒரு பிரபு. உலகம்மையை வேலைக்கு அமர்த்தியவர் மந்திரி நல்லாண்டார் என்பதால், அவளைக் கண்டாலே சிங்கராயருக்கு ஆகாது. "மன்னர் போட்ட கணக்கு தப்பாகுமா? இது ராஜ நிந்தனை!" என்றார்.

"மூன்று நாளில் அவள் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றான் ராஜா.

உலகம்மை அழவில்லை. "போகிறேன். ஆனால் விடை பத்துதான்" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டப் போனாள்.

மந்திரி எதிர்த்துப் பேசவில்லை. "மன்னருக்குப் பரிசாக வந்த கரடிக்கு அடைப்பு வேண்டும். மன்னர் கணக்குப்படியே கட்டிவிடுகிறேன்" என்றார்.

மூன்றாம் நாள் ராஜா மாடத்தில் நின்று பார்த்தான். நீளம் நாற்பது கோல், அகலம் இருபது கோல். அறுபது கோல் மூங்கில் வேலியும் இருந்தது. நீளத்தில் ஒரு பக்கம், அகலத்தில் ஒரு பக்கம். மற்ற இரண்டு பக்கமும் வெட்டவெளி. நடுவில் ஒரு முளையில் கரடியைக் கட்டியிருந்தார்கள்.

"மீதி வேலி எங்கே?"

"மன்னர் கணக்கில் அறுபது கோலுக்கு வேலி முடிந்துவிட்டது. முடியவில்லை என்றால் உலகம்மை சொன்னது சரி என்று ஆகிவிடுமே!" என்றார் மந்திரி.

ராஜா சிங்கராயரைப் பார்த்தான். "உமக்கு வேலி தெரிகிறதா?"

"நாலு பக்கமும் தெரிகிறது, மன்னா. நல்ல உறுதியான வேலி."

"அப்படியானால் பிரபுவே போய்க் கரடிக்குப் பழம் காட்டட்டும். வேலிக்கு வெளியே நின்றால் போதும்" என்றார் மந்திரி.

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. சிங்கராயர் பலாச்சுளைத் தட்டோடு வெட்டவெளிப் பக்கம் போய் நின்றார். காவலன் தூரத்திலிருந்து கயிற்றை இழுத்து முடிச்சை அவிழ்த்தான். கரடி எழுந்தது. இல்லாத வேலியைத் தாண்டி நேராக நடந்துவந்தது.

தட்டு ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். சிங்கராயர் புளியமரத்தின் மேல் இருந்தார். கரடி கீழே உட்கார்ந்து பலாச்சுளை தின்றது.

"சிங்கராயரே, அங்கே வேலி இருக்கிறதா?" ராஜா மாடத்திலிருந்து கேட்டான்.

"இல்லை மன்னா! இல்லவே இல்லை!"

ராஜா வேலியின் பக்கங்களை விரல் விட்டு எண்ணினான். பிறகு உலகம்மையை அழைத்துவரச் சொன்னான்.

"தப்பு என்னுடையது. எங்கே தவறினேன்?"

"அகலம் ஒரு பங்கு என்றால் நீளம் இரண்டு பங்கு, மன்னா. இரண்டிரண்டு பக்கம் சேர்த்தால் ஆறு பங்கு. நீங்கள் பாதித் தோட்டத்தைச் சுற்றிவிட்டு நின்றுவிட்டீர்கள்."

"அறுபதை ஆறால் வகுத்தால் பத்து" என்றான் ராஜா, மெதுவாக.

மந்திரிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. சிங்கராயருக்கு, கரடியைப் பிடித்துக் கட்டியபின், தினமும் இளவரசி பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் படிக்க உத்தரவு கிடைத்தது.

ராஜா விடையைத் திருத்தி எழுதி ஓலையைக் கொடுத்தனுப்பினான். மறுநாள் அது திரும்பி வந்தது. 'சரி' என்று இருந்தது. அதன் கீழே இன்னொரு வரி: 'இனி வீட்டுப்பாடத்தை இளவரசியே செய்யவேண்டும்.'