இளவரசருக்கு அரித்த சட்டை

மருதவேலியை ஆண்ட வளவராயருக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பிள்ளை. கேட்க வேண்டுமா, அரண்மனையில் அவனைக் கொஞ்சாத ஆளில்லை. மார்கழிக் குளிருக்கு ஆகட்டும் என்று மலைநாட்டு ராஜா இரண்டு மூட்டை கம்பளி நூல் அனுப்பிவைத்தார். ஒன்றில் செக்கச்செவேலென்று தடித்த நூல். இன்னொன்றில் அழுக்குப் பழுப்பாக மெல்லிசு நூல்.

பண்டகசாலை அதிகாரி அம்பலத்தரையர் இரண்டையும் தூர நின்றே பார்த்தார். ராஜா வீட்டுப் பிள்ளைக்குப் பழுப்பா, சிவப்பிலேயே பின்னு என்று அரண்மனையில் பின்னல் வேலை செய்யும் பேச்சாயியிடம் சொல்லிவிட்டார். குத்துமே ஐயா என்று அவள் இழுத்தாள். அவர் காதில் வாங்கவில்லை.

சட்டையைப் போட்டதுதான் தாமதம், பிள்ளை வீறிட்டது. கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது. கழற்றினால் சிரிப்பு, போட்டால் அழுகை. அரையரோ புதுத் திண்டில் சொகுசாக உட்கார்ந்தபடி, பின்னியவள் கை ராசியில்லாத கை, ஊரைவிட்டே அனுப்பிவிடலாம் என்று ராஜாவின் காதில் ஓதினார்.

அன்று சாயங்காலம் மலைநாட்டுத் தூதர் வருவதாக இருந்தது. ராஜா, அவையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போன தும்பையப்பரைக் கூப்பிட்டார்.

"பிள்ளை மலைநாட்டு நூலில்தான் சட்டை போட வேண்டும். அழவும் கூடாது. முடியாவிட்டால் பேச்சாயி நாளைக்கே எல்லை தாண்ட வேண்டியதுதான்."

தும்பையப்பர் நேரே பேச்சாயியிடம் போனார். அழுது முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். பழுப்பு நூல் எங்கே போனது என்று கேட்டார். அவள் சொன்ன பதிலுக்கு அவர் சிரித்த சிரிப்பில் பின்னல் ஊசிகள் மடியிலிருந்து உருண்டு விழுந்தன. மிச்சச் சிவப்பு நூலில் அவசரமாக ஒரு கழுத்துப்பட்டி பின்னச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் தூதர் முன்னிலையில் தும்பையப்பர் எழுந்தார்.

"மகாராஜா, உங்கள் சோற்றை வேறொருவர் ருசி பார்த்த பிறகுதானே நீங்கள் தொடுகிறீர்கள்? நாக்குக்கு உள்ள காவல் தோலுக்கு வேண்டாமா? நூலைத் தேர்ந்தெடுத்தவரே முதலில் போட்டுப் பார்க்கட்டும்."

ராஜா தலையாட்டினார். அரையர் கழுத்தில் பட்டி ஏறியது. தூதர் மலைநாட்டுச் சேதிகளைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருக்க, அரையர் நெளிந்தார். தோளைத் தூக்கிக் கழுத்தைத் தேய்த்தார். கடைசியில் தூணோடு உரசிக்கொண்டார்.

"அரிக்கிறதா, அரையரே?" என்று கேட்டார் தும்பையப்பர்.

"சேச்சே. பூ மாதிரி இருக்கிறது," என்று சொறிந்துகொண்டே சொன்னார்.

தூதர் அப்போதுதான் அந்தப் பட்டியைக் கவனித்தார். "இது குதிரைச் சேணத்துக்கு அடியில் விரிக்க நாங்கள் அனுப்பிய நூல் அல்லவா? பிள்ளைக்கென்று அனுப்பியது ஆட்டுக்குட்டியின் ரோமத்தில் திரித்த பழுப்பு நூல். கன்னத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்குமே."

"அது எங்கே?" என்றார் ராஜா.

தும்பையப்பர் சொன்னார்: "பத்திரமாக இருக்கிறது மகாராஜா. இத்தனை நாளும் அரையரே அதன்மேல் உட்கார்ந்து காவல் காக்கிறார்."

திண்டைக் கிழித்தார்கள். உள்ளே கண்டு கண்டாகப் பழுப்பு நூல். ராஜா ஒரு கண்டைத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேச்சாயியை அழைத்து வரச் சொன்னார். அவள் அதில் பின்னிய சட்டையில் பிள்ளை மறுநாள் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. அவளுக்குப் பட்டுப் புடவை கிடைத்தது.

"உமக்கு என்ன வேண்டும், தும்பையப்பரே?" என்று ராஜா கேட்டார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. சிவப்பு நூல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதாம். அரையருக்கு அதில் ஒரு கோவணம் பின்னிக் கொடுக்கச் சொல்லுங்கள்."