வாள் வாங்கிய நிழலாட்டம்

மாவடிக்கோட்டை அரசவையில் விகடம் பேசிப் பிழைத்தவர் விருத்தகிரி. படிப்பு அதிகமில்லை. ஆனால் யார் எப்போது தன்னை என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறக்காது. சேனாதிபதி என்றோ தன் தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்தார் என்பதற்காக, அவர் வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்தவர். அன்று பாயசம் பிரமாதம் என்று மற்றவர்கள் சொன்னது அவருக்கு இன்னொரு வருத்தம்.

அப்படிப்பட்டவர் ஒரு பெரிய அசட்டுத்தனம் செய்தார்.

மன்னர் கொற்றவேலர் வேட்டைக்குப் போயிருந்தார். அரசர் ஊரில் இல்லாதபோது அவருடைய வாள் சிங்காதனத்தில் வீற்றிருப்பது அந்த நாட்டு வழக்கம். அதற்குக் குடை பிடிப்பார்கள், சாமரம் வீசுவார்கள். வாளைக் கையில் ஏந்தியவர் பேசினால் அது அரசவாக்கு. அந்த முறை மந்திரிக்கு வயிற்றுவலி. வேறு ஆள் கிடைக்காமல் விருத்தகிரியிடம் வாளைக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் குபேந்திரன் என்ற வியாபாரி பூட்டிய பெட்டி ஒன்றோடு வந்தான். பெட்டிக்குள் விளக்கு. அதை இயக்குவதற்கு அவனுடைய ஆள் ஒருவன். எதிரே கட்டிய வெள்ளைத் துணியில் நிழல் யானைகளும் நிழல் குதிரைகளும் ஓடின. துணிக்கு முன்னால் உட்கார்ந்து ஆடுபவர் "யானையே, முன்னே போ" என்றால் போயிற்று. "கோட்டையைப் பிடி" என்றால் பிடித்தது. விருத்தகிரி வாயைப் பிளந்தார்.

"விலை பேசலாமா?" என்று கேட்டார்.

"உம்மைப் போன்ற கோமாளிக்கெல்லாம் நான் விற்பதில்லை. சிங்காதனத்துக்குத்தான் விற்பேன்" என்ற குபேந்திரன், சபை பார்க்க வாளைக் கும்பிட்டு விழுந்தான்.

விருத்தகிரி அதை மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டார். பிறகு வியாபாரி நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கினான். சொன்னான், சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். சமையற்கட்டிலிருந்து வத்தக்குழம்பு வாசனை வந்தது. "எல்லாம் சம்மதம், எல்லாம் சம்மதம்" என்று வாளின் சார்பில் தலையாட்டிவிட்டு, பொன்னைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, விருத்தகிரி சாப்பிடப் போய்விட்டார்.

மன்னர் திரும்பி வந்து நிழலாட்டத்தில் மயங்கிப்போனார். ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை. வேட்டை மும்முரத்தில் தங்கை பவளநங்கையின் சீமந்தத்துக்குப் போகத் தவறியிருந்தார். பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்ட அவள், அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். இப்போது பிரசவம் வரை எழுந்து நடமாடக் கூடாது என்று வைத்தியர் வேறு அவளைப் படுக்கவைத்திருந்தார்.

"படுத்தபடியே ஆடட்டும். கோபமும் தீரும்" என்று சொன்ன மன்னர், பெட்டி வருகிறது என்று அவளுக்குச் சேதியும் அனுப்பிவிட்டார்.

வண்டியில் ஏற்றும் நேரம் குபேந்திரன் குறுக்கே வந்து நின்றான்.

"மகாராஜா, பெட்டி என்னுடையது. விற்றது ஆடும் அனுமதி மட்டும். வாங்கியவர்தான் ஆடலாம். இரவல் இல்லை, தானம் இல்லை, மறுவிற்பனை இல்லை. வாங்கியவர் இருக்கும் இடத்தில்தான் பெட்டியும் இருக்கும். மீறினால் என் ஆள் விளக்கை ஊதி அணைத்துவிடுவான்."

"சதுரங்கப் பலகையைத் தங்கைக்குக் கொடுத்தால், செய்த தச்சன் வந்து கையைப் பிடிக்கிறானா?"

"அது மரம், மகாராஜா. இது நிழல். தங்கையாருக்கு வேண்டுமானால் இன்னொன்று வாங்குங்கள். அடுத்த அறுவடைக்குள் செய்து தருகிறேன்."

"அதற்குள் குழந்தை நடக்கவே தொடங்கிவிடும்! இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டது யார்?"

சபை முழுதும் விருத்தகிரியைப் பார்த்தது. சேனாதிபதி கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"குழம்பு வாசனை, மகாராஜா..."

"வாள் கொடுத்த வாக்கை நான் மீற முடியாது. நாளைக் காலை பெட்டி முறைப்படி வண்டியேற வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குப் பதில் நீர் ஏறுவீர். பவளநங்கை உம்மை வைத்து விளையாடட்டும்."

"சின்ன வயதில் ஏற்கெனவே விளையாடியிருக்கிறார், மகாராஜா. என் குடுமி மறுபடி வளர வெகுகாலம் ஆயிற்று."

மறுநாள் சபை கூடியதும் விருத்தகிரி நேராகப் போய் வியாபாரியின் பக்கத்தில் நின்றார்.

"மகாராஜா, இவன் சொல்வதுதான் நியாயம். அப்பனே குபேந்திரா, வாங்கியவர் மட்டும்தானே ஆடலாம்?"

"ஆமாம்."

"வாங்கியவர் யார்?"

"மகாராஜா."

"மகாராஜா அன்றைக்குக் காட்டில் பன்றியைத் துரத்திக்கொண்டிருந்தார். உன் முகத்தையே அவர் பார்க்கவில்லை."

"அப்படியானால் நீர்தான்."

"நானா! கோமாளிக்கு விற்பதில்லை என்று ஊர் கேட்கச் சொன்னாயே. யாரைக் கும்பிட்டு விழுந்தாய்?"

"வாளை."

"ஆகவே வாங்கியது வாள். மகாராஜா இத்தனை நாளும் அனுமதியில்லாமல் ஆடியிருக்கிறார். தனியாக ஒரு விலை தர வேண்டாமா?"

குபேந்திரனுக்குக் கண் மின்னியது. "அதுவும் நியாயம்தான். வாங்கியது வாள்தான். மகாராஜா தனியாக வாங்க வேண்டும்."

மன்னரின் மீசை துடித்தது.

"மகாராஜாவுக்கு ஆட்டம் வேண்டாம்" என்றார் விருத்தகிரி. "வாள் இன்று பவளநங்கையாரைப் பார்க்கப் புறப்படுகிறது. வாங்கியவர் இருக்கும் இடத்தில்தானே பெட்டி? ஏற்று வண்டியில்."

வியாபாரி திடுக்கிட்டான். ஆனாலும் விடவில்லை. "போகட்டும். ஆனால் வாள்தான் ஆட வேண்டும். வாளுக்கு வாய் ஏது?"

"அன்றைக்குச் சம்மதம் சொன்ன வாய் எது? வாளை ஏந்தியவன் வாய். அது செல்லாது என்றால் உன் விற்பனையே செல்லாது, வாங்கிய பொன்னை எடுத்து வை. செல்லும் என்றால், அங்கே வாளை மடியில் வைத்திருப்பவர் சொல்லுக்கு உன் யானை நடக்க வேண்டும்."

குபேந்திரன் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தான். மன்னர் தொடையில் தட்டிச் சிரித்தார். விருத்தகிரி சேனாதிபதியைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார். முறுக்குகிற அளவுக்கு அங்கே மீசை இல்லை என்பது வேறு விஷயம்.

சில நாள் கழித்து, ஆயுத பூசைக்கு வாள் வேண்டும் என்று மன்னர் ஆள் அனுப்பினார். போனவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"தங்கையார் வாளைக் கேட்டுப் பார்த்தாராம், மகாராஜா. ஆட்டம் இன்னும் முடியவில்லை என்கிறதாம் வாள். அதுவரை நாட்டு வரியையும் அங்கேயே அனுப்பச் சொல்கிறதாம்."

மன்னருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. "பேசிவிட்டாள்! என் தங்கை பேசிவிட்டாள்!"

இதுதான் சமயம் என்று விருத்தகிரி முன்னே வந்து குனிந்தார். "மகாராஜா, யோசனை சொன்னவனுக்கு ஏதாவது பரிசு..."

"கட்டாயம் உண்டு. ஆனால் அரசவாக்கு இப்போது இங்கே இல்லையே! பக்கத்து நாட்டுக்குப் போய்ப் பவளநங்கையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்" என்றார் மன்னர். "போவதுதான் போகிறீர், உம்முடைய சம்பளத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளும்."