மூன்றாவது குறை

கடலில் கிடைப்பதெல்லாம் ஊருக்கு, கரையில் கிடைப்பதெல்லாம் அரசனுக்கு என்றிருந்த ஒரு காலம். நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் குறுக்குக் கேள்வி வேண்டாம், சொல்வதைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் வெண்மணல் என்று ஒரு கடலோர ஊர். ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே தெரு. தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள். வீட்டுக்கு ஒரு கிணறு. கிணறு நிறைய, வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் இரண்டு காதம் தள்ளியிருந்த ஏரியிலிருந்து மாட்டு வண்டியில் வரும். சும்மா கொடுத்தாலும் அங்கே வீடு வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ஒரு நாள் அரசன் பறை அறைவித்தான். வெண்மணலில் துறைமுகம் கட்டப் போகிறார்கள், ஆயிரம் கப்பல் வரப்போகிறது என்று.

அவ்வளவுதான். ஊருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. காலையில் பத்துப் பொன்னுக்குப் போன வீடு உச்சிவேளையில் இருபதுக்குப் போனது. பொழுது சாய்வதற்குள் முப்பதைத் தொட்டது. மூன்றே மாதத்தில் முந்நூறு. ஒருவன் தன் ஆட்டுக் கொட்டிலைக் கடல் பார்த்த வீடு என்று சொல்லி விற்றான். வாங்கியவன் ஆடுகளையும் சேர்த்தே வாங்கிக்கொண்டான். சிரிக்காதீர்கள், விலை ஏறுகிற ஊரில் யாருக்கும் கண் தெரியாது.

அப்படி வாங்க வந்தவர்களில் ஒருவன் நாகதத்தன். இளமையில் ஊர் ஊராகக் கிணறு வெட்டியவன். பிறகு வீடு வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, நாலு காசு பார்த்தவன். மற்றவர்கள் துறைமுகத்தை நம்பி வந்தார்கள். இவன் வேறொன்றை நம்பி வந்தான்.

வந்த முதல் நாளே கடற்கரையில் நடந்தான். நீர் உள்வாங்கியிருந்த நேரம். ஈர மணலில் ஓரிடத்தில் குமிழி குமிழியாக நீர் ஊறுவதைக் கண்டான். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். தித்தித்தது.

கிணறு வெட்டியவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? எங்கோ மலையில் பிறந்த ஓர் ஆறு, மண்ணுக்கு அடியிலேயே நடந்து வந்து, இந்தத் தெருவுக்குக் கீழே நுழைந்து, யாருக்கும் தெரியாமல் கடலில் இறங்குகிறது! ஆயிரம் கப்பலும் குடிக்கத் தண்ணீர் கேட்கும். அந்த ஆறு எந்த வீட்டுக்கு அடியில் ஓடுகிறதோ, அந்த வீட்டுக்காரன்தான் நாளைக்கு வெண்மணலின் ராஜா. எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை. அவன் வாயைத் திறக்கவில்லை. சரக்கு வைக்கக் கிடங்கு தேடுவதாகச் சொல்லிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தான்.

இங்கே அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெண்மணலில் ஒரு வீடு கைமாறுவதென்றால் ஓலை எழுதினால் மட்டும் போதாது. ஐந்து சாட்சிகளை வாசலில் உட்காரவைத்து, விற்பவர் அந்த வீட்டின் மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும். வாங்குபவர் மூன்று நிறைகளைச் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்ட பிறகுதான் விலையை முடிப்பார்கள். அதன் பிறகு விற்பவர் ஒரு செம்பு நீரை வாங்குபவர் கையில் வார்ப்பார். வீடு கைமாறிவிடும்.

முன்னோர்கள் இந்த வழக்கத்தை எதற்கு வைத்தார்களோ, விலை ஏற ஏற அது வாய்ப்பாடாகிவிட்டது. விற்பவர், "எலி உண்டு, எறும்பு உண்டு, அடுப்புப் புகை உண்டு" என்பார். வாங்குபவர், "காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, நல்ல அண்டை அயல் உண்டு" என்பார். சாட்சிகள் தலையை ஆட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார்கள்.

நாகதத்தன் முதல் வீட்டை வாங்கினான். எலி, எறும்பு, புகை என்றார்கள். காற்று, வெளிச்சம், அண்டை அயல் என்றான். முந்நூறு பொன் கொடுத்தான். கொல்லையில் வேலி கட்டி மறைத்துத் தோண்டினான். உப்புத் தண்ணீர்.

இரண்டாவது வீட்டை வாங்கினான். அதே எலி, அதே எறும்பு, அதே புகை. அதே காற்றும் வெளிச்சமும். மறுபடியும் முந்நூறு. மறுபடியும் உப்புத் தண்ணீர்.

இப்போது அவன் மடியில் மிச்சம் இருந்தது நூறு பொன். வாழ்நாள் சம்பாத்தியத்தில் அதுதான் பாக்கி. அது போனால் மறுபடியும் மண்வெட்டியைத் தூக்க வேண்டியதுதான். வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் தெருவின் நடுவில் இருந்த உலகம்மையின் வீடு விலைக்கு வந்தது. அவள் புருஷன் நல்லானுக்கு இளைப்பு நோய். கடல் காற்று ஆகாது, மலையடிவாரத்துக்குப் போனால்தான் பிழைப்பான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மலையடிவாரத்தில் ஒரு வீடு நூறு பொன்னுக்குக் கிடைத்தது. அந்த நூறு இருந்தால் நல்லானுக்கு மூச்சு உண்டு. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் முந்நூறு சொன்னார்கள், அவளும் முந்நூறு சொல்லி வைத்திருந்தாள்.

பேச்சு நாளுக்கு முதல் நாள் தெருக்காரர்கள் மூன்று பேர் அவளைத் தேடி வந்தார்கள்.

"உலகம்மை, எலி எறும்போட நிறுத்திக்க. அந்தச் சத்தத்தைப் பத்தி மூச்சு விடாதே" என்றார் ஒருவர்.

"நீ சொன்னா உன் வீடு மட்டுமா போகும்? தெருவே போகும்" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர், "உள்ளே படுத்திருக்கிற உன் புருஷனை நினைச்சுப் பாரு" என்றார்.

அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை. வாசலில் ஐந்து சாட்சிகள். நடுவில் தலைச்சாட்சி ஆதனார். சுற்றிலும் விலை கேட்க வந்த வணிகர்கள் பத்துப் பேர். நாகதத்தன் ஒரு மூலையில் நின்றான். நூறு பொன்னை வைத்துக்கொண்டு முந்நூறுக்கு எப்படி மல்லுக்கட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

உலகம்மை வாசற்படியில் வந்து நின்றாள்.

"முதல் குறை, கிணத்துத் தண்ணி உப்பு."

யாரும் அசையவில்லை. அது ஊரறிந்த சங்கதி.

"ரெண்டாவது, மழை பெஞ்சா மேலச் சுவர் ஊறும்."

ஆதனார் தலையை ஆட்டினார். மூன்றாவதற்கு அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். தெருக்காரர்கள் கனைத்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து நல்லானின் இருமல் கேட்டது. விட்டு விட்டு, நெஞ்சைப் பிடுங்குகிற இருமல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணாவது, கடல் உள்வாங்குற நேரத்துல எங்க அடுப்படித் தரைக்குக் கீழே ஏதோ உறுமும். தெருவுல எல்லா வீட்டுலயும் தரையில காது வெச்சா லேசாக் கேக்கும். எங்க வீட்டுலதான் அதிகம். நிலம் உள்ளே வாங்கிடுமோன்னு நாங்க எல்லாரும் பயந்துதான் இருக்கோம். வாங்குறவங்க தெரிஞ்சு வாங்கணும்."

தெருவில் சலசலப்பு எழுந்தது. வணிகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் நழுவினான், மூவர் நழுவினார்கள், பத்துப் பேரும் போய்விட்டார்கள். முந்நூறு பொன் வீட்டுக்கு முப்பது கொடுக்க ஆளில்லை. தெருக்காரர்கள் அவளைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நின்றது நாகதத்தன் ஒருவன்தான். இதுதான் அந்த வீடு! முப்பது பொன் என்றால் கூடக் கொடுத்துவிடுவாள். கொடுத்தால் நல்லானுக்கு மலையடிவாரம் கிடையாது. ஆனால் அது தன் கவலையா?

ஆதனார் அவனைப் பார்த்தார். "குறை கேட்டும் நிக்கிறீங்களே ஐயா. அப்ப நிறை சொல்லுங்க."

"முதல் நிறை, காற்று" என்றான். "ரெண்டாவது, வெளிச்சம்."

மூன்றாவது, நல்ல அண்டை அயல். மூன்று சொல்தான். அது நாக்கில் வந்து நின்றுவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறான். ஒருவர்கூட அவனிடம் ஓர் உண்மைக் குறையைச் சொன்னதில்லை. அவனும் யாரிடமும் ஓர் உண்மை நிறையைச் சொன்னதில்லை. முதல் இரண்டு வீட்டுக்காரர்கள் இந்தச் சத்தத்தைச் சொல்லியிருந்தால் அவன் அறுநூறு பொன்னைத் தொலைத்திருக்க மாட்டான். அவன் தண்ணீரைத்தான் தேடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்களோ என்னவோ. எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தான். அவள் நீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் சொல்லப் போகும் நிறைக்காகக் காத்திருந்தாள்.

"அம்மா, அந்த அடுப்படியை நான் பார்க்கலாமா?" என்றான்.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். நாகதத்தன் அடுப்படித் தரையில் குப்புறப் படுத்து ஒரு காதை மண்ணில் வைத்தான்.

என்ன சொல்வேன்! ஒரு மலை நடந்து போகிற சத்தம் கேட்டது. எத்தனை காலத்து மழையோ, எந்தக் காட்டின் ஈரமோ, இருட்டுக்குள் இரைந்து இரைந்து போய்க்கொண்டிருந்தது. இந்த ஊர் பிறப்பதற்கு முன்பும் அது ஓடியது. அரசன் பறை அறைந்தபோதும் ஓடியது. மேலே முப்பது என்றும் முந்நூறு என்றும் மனிதர்கள் கூவிக்கொண்டிருக்க, கீழே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நாகதத்தனுக்குத் தன் நூறு பொன் மறந்துபோனது. தரையில் கிடந்தபடியே அழுதான்.

எழுந்து வாசலுக்கு வந்தான்.

"மூணாவது நிறை, இந்த வீட்டுக்குக் கீழே ஓர் ஆறு ஓடுது. நல்ல தண்ணி. இதுக்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது. இதை வாங்க என்கிட்ட காசும் இல்லை."

ஒருவரும் நம்பவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய்க் காதை வைத்தார்கள். உறுமல் என்று பயந்தது தண்ணீரின் குரல் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. ஆதனார் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? நழுவிய பத்துப் பேரும் ஓடி வந்தார்கள். ஐந்நூறு என்றான் ஒருவன். ஆயிரம் என்றான் அடுத்தவன். இரண்டாயிரம் என்று மூச்சிரைக்கக் கத்தினான் மூன்றாமவன்.

நாகதத்தன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"ஐயா, நில்லுங்க" என்றாள் உலகம்மை. "உங்க மடியில எவ்வளவு இருக்கு?"

"நூறு."

"எனக்கு வேண்டியதும் நூறுதான்." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "குறையைக் கேட்டதும் போயிட்டீங்க. இவர் ஒருத்தர்தான் நின்னார். நின்னு நிறையும் சொன்னார். வீடு இவருக்கு. தண்ணி மட்டும் விலைக்கு இல்லை. அது தெருவுக்கும் வர்றவங்களுக்கும்."

சொல்லிவிட்டு அவன் கையில் நீர் வார்த்தாள்.

அன்று மாலையே அடுப்படியில் தோண்டினார்கள். ஐந்து ஆள் ஆழத்தில் பாறை வந்தது. கடப்பாரை பாறையைத் துளைத்ததும், வானத்தைப் பார்க்க அவ்வளவு காலம் காத்திருந்ததுபோல் நீர் பொங்கி எழுந்தது. தெருவே கை ஏந்தி நின்றது. முதல் செம்பு நல்லானுக்குப் போனது. மறுநாள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு உலகம்மை மலையடிவாரத்துக்குப் போனாள். அங்கே அவன் இருமல் அடங்கி, நெடுநாள் வாழ்ந்தான்.

கப்பல்கள் வந்தன. எந்த நாட்டுக் கொடி கட்டி வந்த கப்பலும் அந்தக் கிணற்றில்தான் நீர் மொண்டது. விலை விழுந்துவிடும் என்று நடுங்கிய தெருவில் எல்லா வீடும் ஏறியது. நாகதத்தனின் இரண்டு உப்புக் கிணற்று வீடுகளும் ஏறின. அவற்றை விற்று அவன் தலையெடுத்தான். விற்கும்போது உண்மைக் குறை மூன்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

பல வருஷம் கழித்து அரசனின் அதிகாரி பொன் மூட்டையோடு வந்து ஆற்று வீட்டை விலைக்குக் கேட்டார். கிழவனாகிவிட்ட நாகதத்தன் வாசற்படியில் நின்று, வழக்கப்படி மூன்று குறை சொன்னான்.

"முதல் குறை, ஆறு தூங்கவிடாது. ரெண்டாவது, கிணத்துக்குப் பூட்டுப் போட முடியாது. மூணாவது, இதை விற்க எனக்கு மனசு வராது."

அதிகாரி சிரித்தார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கேட்டவர்களே, இதுதான் கதையின் நீதி: விற்பவர் குறையை மறைக்காமலும் வாங்குபவர் நிறையை மறைக்காமலும் பேசினால் இருவருமே நட்டப்படுவதில்லை.