மலை உச்சியில் வேகாத மொச்சை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, மலையடிவாரத்து நாடொன்றை மேகராயன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம் வரும். ஒருநாள், "மேகத்துக்கும் மேலே என் சிம்மாசனம் இருக்க வேண்டும்" என்று அடம்பிடித்து, அரண்மனையையே மலை உச்சிக்கு மாற்றிவிட்டான்.

அங்கேதான் வந்தது வினை. முதல் விருந்தில் மொச்சைக் குழம்பை வாயில் வைத்தவன் தூவென்று துப்பினான். மொச்சை கல்லாட்டம் இருந்தது!

"சமையல்காரன் விறகைத் திருடுகிறான் அரசே! இல்லாவிட்டால் ஏன் வேகாது?" என்று எடுத்துக்கொடுத்தார் தளபதி கண்டியத்தேவர். சமையல்காரன் அடைக்கலம், மந்திரி மங்கைபாகர் கொண்டுவந்த ஆள். மந்திரியை மட்டம்தட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?

"நாளைக்கு இவன் தலையை எடுங்கள்!" என்றான் ராஜா.

மந்திரி நேரே அடுப்படிக்குப் போனார். பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது, அதுவும் சீக்கிரமாகவே. மொச்சைதான் அசைந்துகொடுக்கவில்லை. இது என்ன கூத்து என்று பானையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சபையில், "தளபதியே சமைக்கட்டும் அரசே. விறகு வேண்டியமட்டும் தரலாம்" என்றார்.

"இதென்ன பிரமாதம்!" என்று மீசையை முறுக்கினார் தேவர். ஒரு வண்டி விறகு எரிந்தது. மொச்சை வேகவில்லை. "இவர் தலையையும் எடுத்துவிடலாமா?" என்று மந்திரி கேட்டதும், பாவம், மனுஷனுக்கு முகமே செத்துவிட்டது.

பிறகு மங்கைபாகர் வெண்கலப் பானையை மூடி, விளிம்பைப் பிசைந்த மாவால் அடைத்து, மேலே குழவிக்கல்லை ஏற்றினார். ஆவி இடுக்கில் சீறியது. ஆறவிட்டுத் திறந்தால், மொச்சை விரலில் மசிந்தது!

"மந்திரம் போட்டீரா?"

"இல்லை அரசே. அடிவாரத்தில் காற்று கனமாக அழுத்துகிறது. அதை மீறிக் கொதிக்கத் தண்ணீருக்கு நிறையச் சூடு வேண்டும். இங்கே காற்று லேசு. போதிய சூடு ஏறுமுன்பே தண்ணீர் கொதித்துவிடுகிறது. அப்புறம் எத்தனை விறகு வைத்தாலும் சூடு ஏறாது. அதனால் ஆவியை உள்ளே அடைத்தேன். அது அழுத்தியது, சூடும் ஏறியது."

ராஜா ஒரு மொச்சையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தான்.

"நானும் உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றான். "என்னை அழுத்த ஆளில்லை. அதனால்தான் சட்டென்று கொதிக்கிறேனோ?"

ராஜா தன் கையில் கிடந்த கங்கணத்தைக் கழற்றி அடைக்கலத்துக்குப் போட்டான். "என்னை மன்னித்துவிடப்பா. கண்டியத்தேவரே, இனி நான் எவன் தலையையாவது கேட்டால், நீரே இந்தப் பானையில் மொச்சை போட்டு மூடும். வெந்தபிறகு என்னை மறுபடி கேளும்."

அதற்கப்புறம் அந்த மலைமேலே மொச்சை எத்தனையோ தடவை வெந்தது. தலை ஒன்றுகூட உருளவில்லை.